டிபிஎஃப் லைட் எரிஞ்சா ஃபில்டரையே வெட்டணுமா?

1/ டீசல் கார்ல டிபிஎஃப் லைட் எரிஞ்சுது. பார்த்த உடனே மெக்கானிக் சொன்னார்: "ஃபில்டரை எடுத்துடலாம் சார், இனிமே தொல்லையே இருக்காது."

2/ ஒரு டாக்டரா கேக்கறேன். யூரின்ல புரதம் போகுதுன்னா கிட்னியை வெட்டி எடுத்துடுவோமா?

3/ அந்த ஃபில்டர் புகையில இருக்கற கரித்துகளைப் பிடிச்சு வைக்குது. ஹைவேல சீரா ஓடும்போது சுமார் 600 டிகிரி சூட்டுல அதை எரிச்சு, தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும். தினமும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினா அந்தச் சூடு எங்கேருந்து வரும்?

4/ அடைப்பு அறிகுறிதான். நோய் வேற இடத்துல இருக்கலாம்: ஒழுகற இன்ஜெக்டர், ஒட்டிக்கிட்ட இஜிஆர் வால்வு. சில சமயம் அடைப்பே இருக்காது, பிரஷர் சென்சார் பொய் சொல்லும். ஸ்கேனர் கோடை மட்டும் பார்த்து முடிவு பண்றது, லேப் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து ஆபரேஷனுக்கு நாள் குறிக்கற மாதிரி.

5/ ஃபில்டரை வெட்டி, சாஃப்ட்வேரை மாத்தி லைட்டையும் அணைச்சுடுவாங்க. புகை எங்கே போகும்? டீசல் புகை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012லயே அறிவிச்சாச்சு. சிக்னல்ல உங்க பின்னாடி, அப்பாவோட ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்கற குழந்தைதான் அதை இழுக்கும். வீசிங்னு என்கிட்ட வரும்.

6/ மெக்கானிக்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "ஏன் அடைச்சுது?" பதில் இல்லைன்னா சாவியை வாங்கிட்டுக் கிளம்புங்க. செகண்ட் ஒப்பீனியன் வண்டிக்கும் உண்டு.