காக்கிச் சட்டைக்காகவா கட்டுகிறோம்?

சென்னையிலிருந்து திருச்சி நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையிலே, பெரம்பலூருக்கு வடக்கே திருமாந்துறைச் சுங்கச்சாவடி இருக்கிறது. எறையூர் வட்டாரத்து மக்கள் நன்கறிந்த இடம். அந்தச் சாவடியை நெருங்கும் கார்களைச் சற்று நின்று கவனித்துப் பாருங்கள். சாவடியின் கூரை கண்ணிற்பட்டதும் ஓட்டுநரின் கை தோளுக்கு மேலே போகிறது. அங்கே தொங்கும் இருக்கைப் பட்டையை - ‘சீட் பெல்ட்’ என்று ஊரார் சொல்லும் அதனை - இழுக்கிறது. சிலர் பூட்டுகிறார்கள். சிலர் பூட்டவும் மாட்டார்கள். மார்பின் குறுக்கே இழுத்துப் பிடித்தபடி, பூட்டியது போலத் தோற்றம் காட்டுவார்கள். சாவடி கடந்தது, காவலரின் தலை மறைந்தது. பட்டை பழைய இடத்துக்கே ஓடிவிடுகிறது!

காவலர் நிற்கும் அந்த நூறு கஜ தூரத்தில் மட்டுந்தான் நமக்கு உயிர் இருக்கிறதா? மற்ற இடங்களிலெல்லாம் நாம் இரும்பினாலா செய்யப்பட்டிருக்கிறோம்?

“அரசியல் ஏட்டிலே, அதுவும் ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையிலே, சீட் பெல்ட்டுக்கு என்ன வேலை?” என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். சட்டத்தை ஒரு மக்கள் எப்படி நோக்குகிறார்கள் என்பது அரசியல். தன் உயிருக்கு ஒரு மனிதன் என்ன மதிப்பு வைத்திருக்கிறான் என்பது அதனினும் பெரிய அரசியல். வெள்ளையன் போட்ட சட்டத்தை ஏய்ப்பது ஒரு காலத்திலே வீரமாக இருந்தது. இன்று சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஆள் அனுப்புவது நாம். நாம் அனுப்பியவர்கள், நம் உயிரைக் காக்க இயற்றிய சட்டத்தை, எவனோ ஒரு அந்நியன் விதித்த வரி போலக் கருதி, அவன் கண்ணில் படும்போது மட்டும் பணிந்து, மறைந்ததும் மீறுகிறோம் என்றால், ஆட்சி மாறியும் மனம் மாறவில்லை என்றுதானே பொருள்?

கணக்கைக் காண்போம். 2022ஆம் ஆண்டுக்கு ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட புள்ளிவிவரப்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் நேர்ந்த சாலை விபத்துகள் 4,61,312. மாண்டவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையிலே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு - 64,105. இங்கே மாண்டோர் 17,884 பேர். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது வீடுகளில் சாவு விழுந்தது என்று பொருள்! நாடெங்கும் மாண்டவர்களில், சீட் பெல்ட் அணியாமல் இருந்தவர்கள் 16,715 பேர். அவர்களிலே 8,384 பேர் ஓட்டியவர்கள். 8,331 பேர் உடன் அமர்ந்து சென்றவர்கள். பட்டை என்பது ஓட்டுநரின் கவலை மட்டுமே என்று எண்ணுவோர் இந்த இரண்டாவது எண்ணை மனத்திலே பதித்துக்கொள்ள வேண்டும்.

பட்டை அணிந்திருந்தால் இவர்கள் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்களா? அப்படிச் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். முன்னிருக்கையிலே இருப்போர் இறக்கும் வாய்ப்பைப் பட்டை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது, பின்னிருக்கையிலே கால் பங்கு குறைக்கிறது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்பு. பதினாறாயிரத்திலே கால் பங்கு என்று வைத்துக்கொண்டாலும் நாலாயிரம் உயிர்! நாலாயிரம் தாலி! நாலாயிரம் குழந்தைகளின் கல்வி!

இது எப்படி நிகழ்கிறது? மந்திரம் எதுவுமில்லை, பள்ளிப் பிள்ளை அறிந்த இயற்பியல்தான். கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்றால், அதனுள் அமர்ந்திருப்பவரும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார். வண்டி புளியமரத்தில் மோதி நிற்கிறது, அவர் நிற்கவில்லை. கண்ணாடியோ, சுக்கானோ, முன்னிருக்கையின் முதுகோ தடுக்கும் வரை பாய்கிறார். அந்த வேகத்தில் மோதுவது, 14 மீட்டர் உயரத்திலிருந்து - நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து - தரையில் விழுவதற்குச் சமம். மாடியின் விளிம்பிலே நிற்பவன் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொள்கிறான். அதே மனிதன் காரில் ஏறியதும் கைப்பிடியை உதறிவிடுகிறான்! திடீரென வண்டி நின்றால் பட்டை இறுகிப் பிடிக்கிறது. அடியின் வேகத்தைத் தோளெலும்பு, மார்புக்கூடு, இடுப்பெலும்பு ஆகிய வலுவான இடங்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வேலைதான் உயிர்.

ஆனால், காரணம் சொல்லுவதிலே நம்மை வெல்ல யாரால் முடியும்?

“எறையூரிலிருந்து பெரம்பலூர் வரைதானே ஐயா, இதற்கொரு பெல்ட்டா?” என்பார் ஒருவர். எமன் கிலோமீட்டர் கணக்குப் பார்த்தா வருகிறான்? ஆலைக்குக் கரும்பேற்றிச் செல்லும் டிராக்டரின் பின்பெட்டி, விளக்கின்றி இருளிலே நிற்பது நெடுந்தூரப் பயணத்தில் மட்டுமா எதிர்ப்படும்?

“காற்றுப்பை இருக்கிறதே!” என்பார் மற்றொருவர். அந்தக் காற்றுப்பையைச் செய்தவர்களே அதற்குத் ‘துணைக் காப்பு’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். துணை எதற்கு? பட்டைக்கு! பட்டையின்றிப் பாய்ந்து வருபவன் முகத்திலே, இமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும் பை, காப்பாற்றுவதற்கு மாறாகக் காயப்படுத்தவும் கூடும்.

“வண்டி தீப்பிடித்தால், குளத்தில் விழுந்தால் மாட்டிக்கொள்வோமே!” என்பார் மூன்றாமவர். தீயும் நீரும் சூழ்ந்த வண்டியிலிருந்து வெளியேற நினைவு வேண்டும். ஒடியாத கைகால் வேண்டும். முதல் மோதலிலேயே மண்டை பிளந்து மயங்கியவன் எந்தக் கதவைத் திறப்பான்?

“குழந்தையை மடியில் இறுக அணைத்திருக்கிறேனே!” என்பாள் தாய். அந்த அன்பை நாம் பழிக்க மாட்டோம். ஆயினும் அம்மா, மோதும் நொடியில் பத்துக் கிலோ குழந்தையின் விசை பல பத்து மடங்காகப் பெருகுகிறது. எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. அதற்கென உள்ள குழந்தை இருக்கையே அதற்குத் தொட்டில்.

இன்னும் ஒரு காரணம் உண்டு. வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் மனத்திலே இருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை கசங்கிவிடும்! சட்டை கசங்கக் கூடாதென்று உடலைக் கசக்கக் கொடுப்பவரை என்னென்பது?

இவற்றுக்கெல்லாம் அடியிலே கிடக்கும் ஆணிவேர் ஒன்றுண்டு. அதுதான் தலைவிதி. புது வண்டி வாங்கியதும் நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். முன்னாலே மிளகாயும் எலுமிச்சையும் கோத்துத் தொங்கவிடுகிறோம். பூசணி உடைக்கிறோம், அந்தப் பூசணித் துண்டிலே சறுக்கி இருசக்கர வண்டிக்காரன் விழுகிறான். இத்தனையும் செய்து முடித்து, பின்னிருக்கைக்குப் புதுத் துணியுறை போட்டு, பட்டையைப் பூட்டும் கொக்கிகளை அந்த உறைக்கு அடியிலே புதைத்துவிடுகிறோம்! கண்ணேறு கழிக்கக் காசு செலவழிப்பவன், காசின்றிக் கிடைத்த காப்பைக் கல்லறைக்குள் வைக்கிறான். “போகிற உயிரைப் பட்டையா தடுக்கும்?” என்று தத்துவமும் பேசுகிறான். போகிற உயிரை அம்மையிலிருந்து தடுத்தது எது? காலராவிலிருந்து தடுத்தது எது? தடுப்பூசியும் தூய நீருமல்லவா! விதி என்று விட்டிருந்தால் நம்மில் பாதிப்பேர் இன்று இருக்கமாட்டோம்.

இந்த மூன்று முனைப் பட்டை எங்கிருந்து வந்தது? ஸ்வீடன் நாட்டிலே, விமானங்களில் ஆபத்து நேரத்தில் வீரனை வெளியே தூக்கியெறியும் இருக்கையை வடிவமைத்த நில்ஸ் போலின் என்ற பொறியாளர், 1959இல் வோல்வோ நிறுவனத்துக்காக இதை உருவாக்கினார். கோடிகோடியாகப் பொருளீட்டக் கூடிய கண்டுபிடிப்பு. ஆயினும், பிற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று அதன் உரிமத்தை அந்த நிறுவனம் உலகுக்குத் திறந்துவிட்டது. 1970இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், உலகிலேயே முதன்முதலாகப் பட்டை அணிவதைக் கட்டாயமாக்கிற்று. பிரிட்டனிலே “தனிமனித உரிமை போயிற்று!” என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது. 1983 ஜனவரி 31இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாற்பது விழுக்காடு அளவிலே இருந்த வழக்கம் தொண்ணூறுக்கு மேல் உயர்ந்தது. பின்னிருக்கையிலே பட்டையின்றிப் பாய்பவன் தனக்கு முன்னால் பட்டையோடு இருப்பவனையும் சேர்த்துக் கொல்லுகிறான். இதிலே ‘என் உயிர், என் உரிமை’ என்ற பேச்சு எப்படி எடுபடும்?

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138ஆம் விதி, முன்னிருக்கையினரும் முன்னோக்கி அமரும் பின்னிருக்கையினரும் பட்டை அணிய வேண்டும் என்கிறது. 100 ரூபாயாக இருந்த தண்டத்தை 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 1,000 ரூபாயாக உயர்த்திற்று. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. 2019 ஜூலை முதல், புதிய கார்களில் முன்னிருக்கையில் பட்டை அணியாவிட்டால் ஒலியெழுப்பும் கருவி கட்டாயமாயிற்று. நாம் என்ன செய்தோம்? அந்த ஒலியின் வாயை அடைக்கப் பொய்க்கொக்கி வாங்கினோம்! 2023 மே மாதத்தில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் ஆணையால், இணைய அங்காடிகளிலிருந்து இத்தகைய பொய்க்கொக்கிகளின் விற்பனை அறிவிப்புகள் 13,118 நீக்கப்பட்டன. “ஆபத்து, ஆபத்து” என்று அலறுபவனின் வாயிலே துணியை அடைப்பதற்கும் ஒரு சந்தை! வெட்கமல்லவா?

படித்தவர்கள், பதவியிலிருப்பவர்கள் மட்டும் வேறு வகையா? 2014 ஜூன் 3ஆம் நாள், ஒன்றிய அமைச்சராகப் பொறுப்பேற்று ஒரு வாரமே ஆன கோபிநாத் முண்டே, தில்லியிலே காரின் பின்னிருக்கையில் சென்றபோது விபத்தில் மாண்டார். பட்டை அணிந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அன்றைய நலவாழ்வு அமைச்சர் ஹர்ஷ் வர்தன் வருந்தினார். எட்டாண்டு கழித்து, 2022 செப்டம்பர் 4ஆம் நாள், மராட்டிய மாநிலம் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மாண்டார். விலையுயர்ந்த கார், முன்னிருந்த இருவர் காயங்களோடு பிழைத்தனர், பின்னிருந்த இருவரும் பிழைக்கவில்லை. அவ்விருவரும் பட்டை அணியவில்லை என்றது காவல்துறை. அமைச்சரானாலும் அதிபரானாலும் இயற்பியல் முகம் பார்ப்பதில்லை.

ஆனால் நண்பர்களே, இவ்வளவோடு நிறுத்தினால் பாதி நியாயமே பேசியவர்களாவோம். காருக்குள் இருப்பவனுக்குப் பட்டை இருக்கிறது; அவன் அணியவில்லை. பட்டையே இல்லாதவன் எத்தனை பேர்? ‘பட்டை பொருத்தப்பட்ட வண்டியில்’ என்றுதானே விதி தொடங்குகிறது! பொருத்தப்படாத வண்டியிலே போகும் ஏழையை அந்த விதி எட்டிப் பார்ப்பதில்லை.

எறையூரை எண்ணிப் பாருங்கள். மானாவாரியாகப் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மாவட்டத்திலே, 1970-களில் அங்கே பொதுத்துறைச் சர்க்கரை ஆலை எழுந்தது. 2022 நவம்பரில் அதே எறையூரிலே காலணித் தொழிற்பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. களைக்கொட்டு பிடித்த கைகள் கருவி பிடிக்கும் காலம் வருகிறது; வரவேற்கிறோம். தொழில் பெருகினால் வண்டி பெருகும். அதிகாலையிலும் நள்ளிரவிலும் ஆட்களை ஏற்றி இறக்கும் ஓட்டம் பெருகும். அரியலூர்ச் சிமெண்ட் லாரிகளும் கரும்பு டிராக்டர்களும் ஓடும் வட்டாரத்துச் சாலைகளிலே இவையும் சேரும். களையெடுக்கச் செல்லும் பெண்களைக் ‘குட்டியானை’ எனப்படும் சரக்கு வண்டியிலே நெல் மூட்டை போல அடுக்கிச் செல்லும் வழக்கமோ இன்னும் ஒழியவில்லை. சரக்கு வண்டியில் ஆளேற்றக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. பேருந்து வராத ஊரிலே, கூலி கெடாமலிருக்க அவள் வேறெதில் ஏறுவாள்? இன்னொன்றையும் எண்ணுங்கள். பட்டை அணியாவிட்டால் தண்டம் 1,000 ரூபாய்; பயணிகள் வண்டியில் அளவுக்கு மீறி ஏற்றினால், அதே திருத்தச் சட்டத்தின்படி, மிகையான ஆளுக்கு 200 ரூபாய். நெரிசலில் திணிக்கப்படும் உயிரின் விலை அவ்வளவுதானா?

எனவே நாம் கேட்கிறோம்: வாடகைக் கார்களுக்குத் தகுதிச் சான்று வழங்குகையில் பின்னிருக்கைக் கொக்கிகள் உறைக்கு வெளியே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வண்டியில் ஆளுக்கோர் இருக்கை, இருக்கைக்கொரு பட்டை என்பதை ஆலை முதலாளிகளின் கடமையாக்க வேண்டும். வேலை நேரத்துக்கேற்பப் பேருந்துகளை ஊர்தோறும் விட வேண்டும். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டிலே தொடங்கப்பட்டது, பாராட்டுகிறோம். அந்த 48 மணி நேரத்துக்கு முந்திய ஒரு நொடி இருக்கிறதே, அதைக் காக்கும் பொறுப்பு அரசுக்கும் உண்டு, நமக்கும் உண்டு.

நமக்கும் உண்டு என்று அழுத்தியே சொல்லுகிறோம். மாநாட்டுக்குப் புறப்படும் வேனிலே பத்துப் பேர் இடத்தில் இருபது பேர், படியிலே தொங்கியபடி, கொடியை வெளியே நீட்டியபடி! இதைக் கண்டு ‘எழுச்சி’ என்று மகிழும் நிர்வாகிகளுக்கு ஒன்று கூறுவோம்: கொடி பிடிக்கும் கை ஊர் திரும்ப வேண்டும். தலைவர்கள் முன்னின்று காட்டட்டும். கொடி பறக்கும் ஒவ்வொரு காரிலும், முன்னும் பின்னும் அமர்ந்தோர் அனைவரும் பட்டை பூட்டிய பின்பே வண்டி நகரட்டும். சட்டை கசங்கினால் கசங்கட்டும். சலவைக்காரர் சரி செய்வார்.

அடுத்த முறை காரில் ஏறியதும் சாவடி எங்கே, காவலர் எங்கே என்று தேடாதீர்கள். வீட்டு வாசலிலே உங்களை வழியனுப்புகிறவர் முகத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டுப் பட்டையைப் பூட்டுங்கள். பூட்டிய பின், பட்டையில்லாத வண்டியிலே போகும் அந்தக் கூலிப் பெண்ணுக்காகக் குரல் கொடுங்கள்!