சுவர்கள் தப்பின; தொழிலாளர்கள் மாண்டனர்

நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை இயங்கிய பத்து மாடிக் கட்டிடம் இன்றும் நிற்கிறது. தீயைத் தாங்கும் கட்டிடம் என்று பெயர் பெற்றிருந்த அது, 1911 மார்ச் 25 அன்று மூண்ட தீயையும் தாங்கியது. ஆனால் உள்ளே இருந்த 146 தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களில் 123 பேர் பெண்கள். பெரும்பாலோர் புலம்பெயர்ந்த யூத, இத்தாலியக் குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள். அன்றைய கட்டிட விதி சுவரைக் காத்தது, மனிதரைக் காக்கவில்லை.

இது தற்செயலானதல்ல. 1666 செப்டம்பரில் லண்டன் பெருந்தீயில் சுமார் 13,200 வீடுகள் அழிந்தன. மறு ஆண்டே மறுகட்டுமானச் சட்டம் வந்தது. வெளிச்சுவர்கள் செங்கல்லாலோ கல்லாலோ அமைய வேண்டும், வீடுகள் நான்கு வகை, ஒவ்வொன்றுக்கும் சுவரின் கனம் இவ்வளவு, கண்காணிக்க அளவையாளர்கள். வணிகரின் சரக்கும் நிலவுடைமையாளரின் வாடகையும் ஆபத்துக்குள்ளானபோது அரசு எவ்வளவு விரைவாகச் செயல்பட்டது! ஆனால் 1845இல் எங்கெல்ஸ், மான்செஸ்டர் தொழிலாளர் குடியிருப்புகளில் அரைச் செங்கல் கனமே கொண்ட வெளிச்சுவர்களைக் கண்டு எழுதினார். சொத்தைக் காக்கும் விதி உழைப்பவரின் வீட்டு வாசலை எட்ட, ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள்கூடப் போதவில்லை.

நியூயார்க்கிலும் இதே கதைதான். வாடகைக் குடியிருப்புகளுக்கான முதல் சட்டம் 1867இல் வந்தது. அறைதோறும் சன்னல், வீடுதோறும் கழிப்பறை என்ற நிபந்தனைகளை 1901ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. அதையும் எதிர்த்து நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1906இல்தான் தோற்றது.

தொழிற்கூடங்களின் நிலை இன்னும் மோசம். 1909இல் சுமார் இருபதாயிரம் ஆடைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கத்தை ஏற்க டிரையாங்கிள் முதலாளிகள் மறுத்தனர். தீப்பிடித்த நாளில் ஒன்பதாம் மாடியின் ஒரு கதவு பூட்டியிருந்தது. வெளிப்புற இரும்பு ஏணி பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாம் மாடியைத் தாண்டவில்லை. தீயோ எட்டாம் மாடியிலும் அதற்கு மேலும். முதலாளிகள் நீதிமன்றத்தில் விடுதலை பெற்றனர்.

தீர்ப்பைத் தெரு வழங்கியது. அந்த ஏப்ரலில் கொட்டும் மழையில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறுதி ஊர்வலமாக நடந்தனர். அந்த அழுத்தமே மாநில விசாரணைக் குழுவை அமைக்க வைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின. வேலை நேரத்தில் பூட்டப்படாத கதவு, தீத்தடுப்புப் பயிற்சி, தானியங்கி நீர்த்தெளிப்பான் ஆகியவை சட்டமாயின. கட்டிட விதி மனிதரைக் கணக்கில் கொண்டது, உழைப்பவர் திரண்ட பிறகே.

அதே விதி ஏழைகளுக்கு எதிராகவும் திரும்பும். 1896இல் பம்பாயில் பிளேக் பரவிய பின், 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவானது. சுகாதாரத்தின் பெயரால் அது இடித்த வீடுகள் அதிகம். உழைப்பாளருக்குக் கட்டித் தந்தவை குறைவு. இன்றைய புல்டோசர்களுக்கு அன்றே பாதை போடப்பட்டது. ஆகவே, விதி இருக்கிறதா என்பதோடு, அது யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியமானது.

இந்தியாவில் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு 1970இல் வெளியானது. 2016இல் விரிவாகத் திருத்தப்பட்டது. ஆயினும் அது பரிந்துரை மட்டுமே. மாநிலங்களும் உள்ளாட்சிகளும் தம் விதிகளில் சேர்த்தால்தான் கட்டுப்படுத்தும். தில்லி அனாஜ் மண்டியில் 2019 டிசம்பர் 8 அன்று 43 பேரும், முண்ட்காவில் 2022 மே 13 அன்று 27 பேரும் மாண்டனர். டிரையாங்கிளுக்கு நூறு ஆண்டுகளுக்குப் பின்னும், வெளியேற வழியின்றி உழைப்பவர் மடிகின்றனர். இந்நிலையில் 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், மின்சக்தி பயன்படுத்தும் தொழிற்சாலைக்கான வரம்பைப் பத்துத் தொழிலாளரிலிருந்து இருபதாக உயர்த்தியது. ஆபத்து மிகுந்த சிறு கூடங்களே இதனால் கண்காணிப்பிலிருந்து நழுவுகின்றன. ஆய்வாளரை 'வசதி செய்பவர்' என்றும் ஆக்கியுள்ளது.

விதித்தொகுப்பின் உயிர்காப்புப் பகுதிகள் கட்டாயச் சட்டமாக வேண்டும். ஆய்வில் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கு இடம் வேண்டும். மாற்று வீடின்றி எந்தக் குடியிருப்பும் இடிக்கப்படக் கூடாது. தொழிற்பேட்டைகளில் பணியாற்றும் கிளைகள், பூட்டிய கதவுகளையும் ஒற்றைப் படிக்கட்டுகளையும் இன்றே கணக்கெடுக்கத் தொடங்கலாம். அடுத்த தீ வந்த பிறகு எடுக்கும் கணக்கு, பிணங்களின் கணக்காகவே இருக்கும்.