சேற்றைச் சுற்றிப் போகாதீங்க!

பொத்தேரி ஸ்டேஷனில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதுகில் பெரிய பையும் காலில் புது ஷூவுமாக ஒரு கூட்டம் நின்றால், அது சொந்த ஊருக்குப் போகிற கூட்டம் இல்லை. பூங்கா ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரலுக்கு நடந்து, நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, காலையில் மேட்டுப்பாளையம், அப்புறம் ஊட்டி பஸ். ட்ரெக்கிங்! திங்கட்கிழமை திரும்பி வரும்போது பாதிப் பேர் சொல்வது ஒரே கதைதான். "மேலே ஒண்ணுமே தெரியலை மச்சி, ஃபுல்லா மூடுபனி. வழியெல்லாம் சேறு. வேஸ்ட்."

அந்த "வேஸ்ட்" என்ற சொல்லோடுதான் இந்தக் கட்டுரைக்குச் சண்டை.

ஊட்டிக்கு மேற்கே பார்சன்ஸ் வேலி, அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கவிழ்த்த சட்டி மாதிரி வரிசையாகப் புல் மலைகள். மடிப்புகளில் மட்டும் அடர்ந்த சோலைக்காடு. இரண்டு மலைக்கும் நடுவே பள்ளத்தில் கிரிக்கெட் ஆடலாம் போல ஒரு பச்சைத் தரை. ஆசைப்பட்டுக் கால் வைத்தால் முழங்கால் வரை பொதக்கென்று உள்ளே போய்விடும். தூரத்தில் கூம்பாக முக்கூர்த்திச் சிகரம், 2,554 மீட்டர். அதன் மேற்குப் பக்கம் செங்குத்தாகக் கேரளாவை நோக்கி இறங்குகிறது. இறந்தவர்களின் உயிர் இந்தச் சிகரத்தின் வழியாகத்தான் மறுவுலகம் போகிறது என்பது தோடர்களின் நம்பிக்கை. ட்ரெக் போகிறவர்கள் எல்லாரும் சிகரத்தைத்தான் தேடுகிறார்கள். காலுக்குக் கீழே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

அது வெறும் சேறு கிடையாது. குளிரும் ஈரமும் சேர்ந்த இடத்தில் செத்த புல் முழுசாக மக்காது. அரைகுறையாக மக்கிக் கறுப்பாகி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துகொண்டே போகும். பீட் என்கிறார்கள். 1993-ல் சுகுமார், ரமேஷ் முதலான இந்திய விஞ்ஞானிகள் நீலகிரி பீட்டைத் தோண்டி ஆராய்ந்து, நேச்சர் இதழில் கட்டுரை எழுதினார்கள். மரத்தில் இருக்கும் கார்பனுக்கும் வெப்பநிலப் புல்லில் இருக்கும் கார்பனுக்கும் நுட்பமான வித்தியாசம் உண்டு. அதை அடுக்கடுக்காக அளந்தால் எந்தக் காலம் ஈரம், எந்தக் காலம் வறட்சி என்று படித்துவிடலாம். கிட்டத்தட்ட 20,000 வருடக் கணக்கு அந்தச் சேற்றில் இருந்தது! ஐந்து வருடப் பழைய லெட்ஜரைத் தேடினாலே கிடைக்காத உலகத்தில் இது பெரிய விஷயம்தான்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் முக்கியம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. இந்த மலைகளில் பெய்வதில் ஒரு பகுதியைப் புல்லும் பீட்டும் ஸ்பாஞ்ச் மாதிரி பிடித்து வைத்து, மழை நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. ஊட்டி குடிப்பது பார்சன்ஸ் வேலித் தண்ணீர். பைகாரா மின்நிலையம் 1930-களிலிருந்து ஓடுவது இந்த மலைத் தண்ணீரில். மிச்சம் பவானி, மோயாறு வழியாகக் காவிரிக்குப் போகிறது. காவிரித் தண்ணீர் கொள்ளிடம், கீழணை, வீராணம் என்று சுற்றி 2004 முதல் குழாயில் சென்னைக்கும் வருகிறது. ஆக அங்கே சேற்றைத் திட்டிவிட்டு வருகிறவர், இங்கே குடிக்கிற தண்ணீரில் அந்தச் சேறு பிடித்து வைத்ததும் ஒரு சொட்டு இருக்கலாம்.

மரம் இல்லாத நிலத்தை வேஸ்ட் என்று முதலில் சொன்னவர்கள் வெள்ளைக்காரர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசாங்கமும் அதையே சொல்லி, தோல் பதனிடவும் ரேயான் கூழுக்கும் என்று புல்வெளியில் சீகையையும் கற்பூர மரத்தையும் நட்டுத் தள்ளியது. பச்சையாக இருந்தால் காடு என்று நினைத்துவிட்டார்கள். தோடர்கள் கோயில் கூரைக்குப் போடும் புல் சதுப்பில்தான் முளைக்கும். அதைத் தேடி அவர்கள் இப்போது அலைய வேண்டியிருக்கிறது. அந்நிய மரங்களை அகற்ற 2022-ல் தமிழக அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. நடுவதற்கு ஆன செலவு போய், பிடுங்குவதற்கும் செலவு.

இதெல்லாம் மலைக்கதை என்று தாம்பரம் பக்கத்து ஆட்கள் ஒதுங்கவும் முடியாது. வேளச்சேரி போகும் வழியில் பள்ளிக்கரணை இருக்கிறதே! அதையும் வேஸ்ட் என்றுதான் குப்பை கொட்டினார்கள், கட்டடம் கட்டினார்கள். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிறகுதான் பெயருக்குப் பின்னால் மரியாதை வந்தது.

சரி, நடக்கிறவர் என்ன கெடுதல் செய்துவிடப் போகிறார்? ஷூ நனையக் கூடாது என்று சேற்றைச் சுற்றிப் போகிறார், அவ்வளவுதான். அடுத்தவர் அதையும் சுற்றிப் போகிறார். ஒற்றையடிப் பாதை பத்தடி ஆகிறது. மிதிபட்ட புல் சாகிறது, பீட் வெளியே தெரிகிறது, அடுத்த மழையில் கரைந்து ஓடுகிறது. பல நூறு வருடம் சேர்ந்தது சில சீசனில் போய்விடும். இங்கிலாந்தில் 1965-ல் திறந்த பென்னைன் வே என்ற நெடும்பாதையில் இதுதான் நடந்தது. பீட் மலைகளில் பாதை அகன்று அகன்று புண் மாதிரி ஆகி, கடைசியில் இடித்த பழைய பஞ்சாலைகளின் தரைக்கற்களைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டார்கள். அந்தச் செலவுக்கு இங்கே யாரிடம் பணம் இருக்கிறது?

இந்த இடத்தில்தான் கைடு விஷயம் வருகிறது. 2018 மார்ச் 11 குரங்கணியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காய்ந்த புல்லில் பற்றிய தீயில் 20-க்கும் மேற்பட்டோர் உயிர் போனது. சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. ஆடியில் ஆளை விழுங்கும் புல் மலை, மாசியில் தீக்குச்சி ஆகிவிடும் என்று பேருந்தில் வந்து இறங்குகிறவருக்குத் தெரியாது. அங்கேயே பிறந்தவருக்குத் தெரியும். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 வழிகள். பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்கூர்த்தி ஹட் வரை போவதும் அதில் ஒன்று. உள்ளூர் ஆட்கள்தான் கைடு. தீக்காலத்தில் மூடிவிடுகிறார்கள். கட்டணம் அதிகம் என்று ஹாஸ்டலில் புலம்பல் கேட்கிறது. மாணவர்களுக்குத் தாராளமாகச் சலுகை கொடுக்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அதற்காகக் கள்ளத்தனமாக வேறு வழியில் ஏறுவது சாமர்த்தியம் இல்லை. கைடுக்குப் போகிற காசு, சதுப்பு எங்கே ஆழம் என்று தெரிந்த ஒருவருக்கு அங்கேயே பிழைப்பு கொடுக்கிற காசு.

போகிறவர்கள் ஐயாயிரம் ரூபாய் ஷூவை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டு, நனைந்தாலும் கவலையில்லாத பழைய கேன்வாஸ் ஷூ, இரண்டு ஜோடி சாக்ஸ், அட்டைக்குக் கொஞ்சம் உப்பு எடுத்துப் போகலாம். கைடு எந்த இடத்தில் கால் வைக்கிறாரோ அதே இடத்தில், சேறாக இருந்தாலும் நேராக. மூடுபனியில் சிகரம் தெரியாமல் போனால் குனிந்து பார்க்கலாம். பூச்சி தின்னும் பனித்துளிச் செடி, சிவப்பாக, கட்டைவிரல் நகம் அளவில், அந்த ஈரத்தில்தான் இருக்கும்.