கேஸட் என்னுடையது, சாவி யாருடையது?

கோட்டூர்புரம் வீட்டில் பரணை ஒழித்தபோது, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு டிஜிட்டல் வீடியோ கேஸட் அகப்பட்டது. 2004-ல் எடுத்தது. அதில் என் அம்மா ஒரு மணி நேரம் பேரனைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள். இப்போது அம்மா இல்லை. அவள் குரல் வேறெதிலும் பதிவாகவில்லை.

கேமரா இன்னும் ஓடுகிறது. ஆனால் அதன் ஒயரைச் செருக என் புது லேப்டாப்பில் போர்ட்டே இல்லை. கடைக்காரப் பையன், 'இதெல்லாம் போயே போச்சு சார், தூக்கிப் போடுங்க' என்றான். யாரை, அம்மாவையா?

அந்த ஒயரின் பெயர் ஃபயர்வயர். ஆப்பிள் முன்னின்று உருவாக்கி, 1995-ல் பொதுத் தர நிர்ணயமானது. கேஸட்டில் இருப்பதைத் தரம் குறையாமல் கம்ப்யூட்டரில் இறக்கும். ஒரு மணி நேரப் படத்துக்குச் சுமார் 13 ஜி.பி. பெற்ற ஆப்பிளே 2025-ல் வெளியிட்ட மேக் ஓ.எஸ். 26-ல் பிள்ளையைக் கைகழுவிவிட்டது.

கைகொடுத்தது யார் தெரியுமா? 'அதுல கேமராகூட வேலை செய்யாதுப்பா' என்று நாம் கேலி செய்த லினக்ஸ்!

கேலியில் நியாயம் இருந்தது. 2000-களில் லினக்ஸில் கேமராவை இணைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். மாட்யூலை ஏற்று, ரூட் பாஸ்வேர்டைப் போடு, பர்மிஷனை மாற்று... சந்தேகம் கேட்டால், 'மேனுவலைப் படி' என்று அதட்டல் வேறு. அந்த மேதாவித்தனத்தால் விரட்டப்பட்டவர்கள் ஏராளம்.

ஆனால் இன்று ஃபயர்வயர் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டு, 'டிவிகிராப்' என்று ஒரு கட்டளை அடித்தேன். கேமரா தானே ஓட ஆரம்பித்தது. தகாஷி சகமோட்டோ என்கிற ஜப்பானியர் 2029 வரை லினக்ஸின் ஃபயர்வயர் பகுதியைப் பராமரிக்கத் திட்டமிட்டிருக்கிறார். அவருக்கு அது எப்படிச் சாத்தியமாகிறது? மூல நிரல் திறந்து கிடக்கிறது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடரலாம். கம்பெனி பூட்டிய கதவை யார் திறப்பது?

எங்கள் பேட்டையில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் படிக்க மூக்குக் கண்ணாடி போதும். பதிப்பாளர் கடையை மூடினால் எழுத்து மறைந்துவிடுவதில்லை. நம் வீட்டுக் கல்யாணத்துக்கும் குழந்தையின் முதல் நடைக்கும் மட்டும் ஏன் ஒரு கம்பெனியின் தயவு வேண்டும்?

அடுத்த முறை கேமராவோ போனோ வாங்கும்போது எத்தனை மெகாபிக்ஸல் என்று மட்டும் கேட்காதீர்கள். 'இதில் எடுத்ததை இருபது வருஷம் கழித்து எதில் பார்ப்பேன்?' என்று கேளுங்கள். விற்பவர் விழிப்பார். விழிக்கட்டும்.

அதற்கு முன்னால் பரணில் ஏறுங்கள். டேப்பின் காந்தப் பூச்சுக்கு ஆயுள் கொஞ்சம்தான். நேற்று ராத்திரி என் அம்மா மறுபடி பேரனைத் திட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பேரனுக்கு இப்போது தாடி.