அடித்தல் திருத்தல்

சென்ற இதழில் புதிய குற்றவியல் சட்டங்களைப் பற்றி நண்பர் ஒருவர் எழுதியிருந்தது முழுக்க அவற்றின் பெயர்களைப் பற்றியது. பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதிநியம். நண்பரின் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. சட்டத்தின் மூலவாசகம் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 348ஆவது பிரிவு. அதைச் சமாளிக்க இந்தியை ஆங்கில எழுத்தில் எழுதித் தலைப்பாக வைப்பது தந்திரம்தான். ஆனால் கோபம் தலைப்போடு நின்றுவிட்டது. கவிதைத் தொகுப்பின் அட்டையைப் பார்த்து மதிப்புரை எழுதுகிறவனை இந்தப் பத்திரிகை மன்னித்ததில்லை. சட்டத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

நான் வங்கியில் குமாஸ்தா. கடன் பத்திரம் மேஜைக்கு வந்தால் முதலில் பார்ப்பது அடித்தல் திருத்தல். ஒரு சொல் அடிபட்டிருந்தால் பக்கத்தில் சம்பந்தப்பட்டவர்களின் கையெழுத்து இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பத்திரம் திரும்பிப் போகும். விமர்சனத்தில் எனக்குத் தெரிந்த முறையும் ஏறக்குறைய இதுதான். எழுதியிருப்பதைப் படிப்பதோடு, எடுத்துவிட்டது எது என்றும் பார்ப்பது.

சென்ற வருஷம் ஒரு நாள், ஆற்றுக்கு மேற்கே உள்ள கிராமத்திலிருந்து வந்த ஒரு அம்மாளுக்குப் பணம் எடுக்கும் சீட்டை நான் எழுதிக்கொடுத்தேன். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம். மகன் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்தான். கைநாட்டு வைத்துவிட்டுக் கேட்டாள்: “பதினஞ்சு நாளு தாண்டிட்டுல்லா சார், இனிமே அவன போலீசு கூட்டிட்டுப் போவாதுல்லா?” போகாது என்றேன். அன்று இரவு சட்டத்தை எடுத்துப் படித்தபோதுதான் நான் சொன்னது தப்பு என்று தெரிந்தது.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167ஆவது பிரிவுப்படி போலீஸ் காவல் அதிகபட்சம் 15 நாள். அதுவும் கைதான முதல் 15 நாட்களுக்குள்தான் என்று 1992இல் உச்ச நீதிமன்றம் தீர்மானமாகச் சொன்னது. அதற்குமேல் காவலை நீட்ட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் ‘போலீஸ் காவலில் அல்லாமல்’. அதாவது ஜெயிலில்.

2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் இருப்பது சுரக்ஷா சன்ஹிதாவின் 187. அதே 15 நாளை இப்போது மொத்தமாகவோ துண்டு துண்டாகவோ, குற்றத்தைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் போலீஸ் கேட்கலாம். அடுத்த உட்பிரிவில், 15 நாளுக்கு மேற்பட்ட காவலைப் பற்றிய பழைய வாக்கியம் அநேகமாக அப்படியே வருகிறது. ‘போலீஸ் காவலில் அல்லாமல்’ மட்டும் காணோம். ஆங்கிலத்தில் எட்டுச் சொற்கள்.

மொத்தம் 15 நாள்தான், அதில் மாற்றமில்லை என்றார் உள்துறை அமைச்சர். நீதிமன்றங்களும் அவ்வாறே வாசிக்கலாம். அப்படியானால் அந்த எட்டுச் சொற்கள் யாருக்கு இடைஞ்சலாக இருந்தன? வாய்ச்சொல் பத்திரத்தில் ஏறாது என்பது கடைசி குமாஸ்தாவுக்கும் தெரிந்த விஷயம். காலனிய எச்சத்தைக் களைகிறோம் என்றும் சொன்னார்கள். அடிபட்ட வாசகம் மெக்காலே எழுதியதல்ல. சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் எழுபதுகளில் எழுதியது.

இதை ஆற்றுப்பாலத்தை ஒட்டிய டீக்கடையில் நான் சொன்னபோது நண்பர் கேட்டார்: சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தகப்பனும் மகனும் இறந்தது பழைய சட்டத்தில்தானே? 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரத்தில், விசாரணைக்குக் கொண்டுபோனவர்களின் பல்லைப் பிடுங்கியதாகப் புகார் எழுந்து அதிகாரி பணியிடை நீக்கமானதும் அதே சட்டத்தில்தானே? அது யாரைக் காப்பாற்றிற்று?

சரியான கேள்வி. அது காப்பாற்றவில்லை. ஆனால் காலண்டரில் ஒரு பதினாறாவது நாளை அது வைத்திருந்தது. அந்த வழக்கில் இனி அவர்கள் கைக்குத் திரும்பமாட்டேன் என்று ஜெயிலில் இருப்பவன் நம்பக்கூடிய நாள். அடிபட்டவன் வாய் திறப்பது அந்த நம்பிக்கை வந்த பிறகுதான். இப்போது முப்பதாவது நாளிலும் தன்னை அதே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக முடியும் என்று தெரிந்துகொண்டு அவன் மாஜிஸ்திரேட்டிடம் காயத்தைக் காட்ட வேண்டும். எத்தனை பேர் காட்டுவார்கள்?

இன்னொரு இடம் எழுதுகிற நமக்கே உரியது. ராஜத்துரோகம் என்ற 124-ஏ ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. 2011–12இல் கூடங்குளம் அணு உலையை எதிர்த்த ஆயிரக்கணக்கானவர்கள் மீது பாய்ந்த பிரிவு அது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. நியாய சன்ஹிதாவின் 152இல் அந்தச் சொல் இல்லை. ‘நோக்கத்தோடு அல்லது தெரிந்தே’ என்று ஒரு வரம்பும் சேர்ந்திருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் ஆயுள் இல்லையென்றால் மூன்று வருஷம் என்றிருந்த தண்டனை, ஆயுள் இல்லையென்றால் ஏழு வருஷம் என்றாகியிருக்கிறது. குற்றங்களின் பட்டியலில் ‘பிரிவினைச் செயல்களின் உணர்வுகளை’ ஊக்குவிப்பது என்று ஒரு சொற்சேர்க்கை வருகிறது. செயலுக்கு ஏது உணர்வு? ஒரு கவிதையில் இப்படி வந்தால் நாம் பக்கம் பக்கமாகச் சர்ச்சை செய்வோம். கவிதையில் மங்கலுக்கு அர்த்தம் சொல்கிறவன் வாசகன். இங்கே முதலில் அர்த்தம் சொல்லப்போகிறவர் ஒரு சப்-இன்ஸ்பெக்டர்.

அடித்தலுக்குப் பக்கத்தில் யாருடைய கையெழுத்து இருக்கிறது? இந்த மசோதாக்கள் நிறைவேறிய 2023 டிசம்பர் கூட்டத்தொடரில் இடைநீக்கமான எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர். நம் மாநில அரசு பெயர்களை உரக்க எதிர்த்தது. 2024 ஜூலையில் ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணனைக் கொண்டு ஒரு நபர் குழு அமைத்தது. குற்றவியல் நடைமுறை பொதுப் பட்டியலில் இருப்பதால், ஜனாதிபதி ஒப்புதல் கேட்டு மாநிலம் திருத்தலாம். 2025 ஜனவரியில் சட்டப்பேரவை நிறைவேற்றிய திருத்தம் பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டியது. தண்டனையைக் கூட்டினால் கைதட்டல் கிடைக்கும். அந்த எட்டுச் சொற்களைத் திரும்ப எழுத யாருக்கும் தோன்றவில்லை. கேட்க ஆளில்லை. கேட்டிருக்க வேண்டிய, வாக்கியங்களைப் படிக்கத் தெரிந்த நாம், பெயர்ப்பலகையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தோம்.

இதெல்லாம் இலக்கியப் பத்திரிகையில் எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சொல் இருப்பதற்கும் இல்லாமற்போவதற்கும் வித்தியாசம் உண்டு என்பதைத் தவிர நமக்கு வேறு என்ன கொள்கை இருக்கிறது? அது கவிதைக்கு மட்டும்தான் என்றால், நம்முடைய பிரக்ஞை, கூர்மை என்பதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு.

அந்த அம்மாள் மறுபடி வங்கிக்கு வரவில்லை. சொன்னதைத் திருத்தச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. நண்பர் பெயர்களுக்கு எதிராக இன்னொரு கட்டுரை எழுதட்டும், நானும் படிக்கிறேன். அதற்கு முன்னால் 187ஐ ஒருமுறை படித்துவிட்டு வரட்டும்.