பெல்ட்டைக் கட்டிப் படுக்கவைப்பது வைத்தியமா?

நாள்பட்ட முதுகுவலிக்கு ஆக்குபேஷனல் தெரபியும் (அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்கும் சிகிச்சை) மனநலப் பயிற்சியும் எதற்கு என்று கேட்டுச் சென்ற இதழில் ஓர் எலும்பு மருத்துவர் எழுதியிருந்தார். வலி இருப்பது முதுகெலும்பில். மனதைத் தேற்றுவது நோயாளியை ஏமாற்றும் வேலை. ஆக்குபேஷனல் தெரபி மணி கோக்கச் சொல்லித்தரும் பொழுதுபோக்கு. ஸ்கேன், பெல்ட், டிராக்‌ஷன் (முதுகை இழுத்து வைத்தல்), முழு ஓய்வு, அதற்கும் கேட்காவிட்டால் ஆபரேஷன் என்பதே சரியான வழி. இதுதான் அவர் வாதம். வலியோடு வருகிறவர்களுடன் அன்றாடம் வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கட்டுரை தவறானது மட்டுமல்ல, ஆபத்தானது.

முதலில் அவர் பெரிதும் நம்பும் ஸ்கேன். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. ஐம்பது வயதில் அது 80 சதவீதம். அதே வயதில் டிஸ்க் பிதுக்கம் 60 சதவீதம் பேருக்கு. இவர்கள் யாருக்கும் வலி இல்லை. அப்படியிருக்க, படத்தில் தேய்மானத்தைக் காட்டி ‘உங்கள் வலிக்கு இதுதான் காரணம்’ என்று எந்தத் துணிவில் சொல்கிறார்? ‘டிஸ்க் தேஞ்சுபோச்சும்மா, இனி குனியாதே, கனம் தூக்காதே’ என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வெளியே வரும் நாற்பது வயதுப் பெண்ணைப் பாருங்கள். அன்றிலிருந்து குடம் எடுக்கமாட்டாள். குழந்தையைத் தூக்கமாட்டாள். கீழே விழுந்த கரண்டியை எடுக்கக்கூட மகளைக் கூப்பிடுவாள். அசையாத தசை மேலும் பலமிழக்கும். அசைந்தால் வலிக்கும் என்ற பயம் இன்னும் கூடும். பயமும் முடக்கமும் ஒன்றையொன்று வளர்க்கும் இந்தச் சுழலை விளேயன், லின்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-இலேயே விளக்கிவிட்டார்கள். மருத்துவர் சிபாரிசு செய்யும் வைத்தியம் அந்தச் சுழலுக்குள்தான் நோயாளியைத் தள்ளுகிறது.

மனதுக்குச் சிகிச்சை கொடுத்தால் வலியைப் பொய் என்று சொன்னதாகிவிடும் என்கிறார். யார் சொன்னது? தண்டுவடத்தில் வலிச் செய்திகள் கூட்டியும் குறைத்தும் அனுப்பப்படுகின்றன, அதில் மூளைக்கும் பங்கு உண்டு என்று மெல்சாக்கும் வாலும் 1965-இல் எழுதினார்கள். வலி நூற்றுக்கு நூறு உண்மை. பல மாதம் நீடித்த வலியில் நரம்பு மண்டலமே கூர்மைப்பட்டுவிடுகிறது. தூக்கமின்மையும் கடன் கவலையும் வேலை போய்விடுமோ என்ற பயமும் அதை மேலும் ஏற்றுகின்றன. அவற்றைத் தொடாமல் எலும்பை மட்டும் பார்ப்பது அரைகுறை வைத்தியம். இதை 1987-இல் உரக்கச் சொன்ன கார்டன் வாடெல், கிளாஸ்கோவில் முதுகெலும்பைக் கையாண்ட எலும்பு அறுவை மருத்துவர். சொந்தத் துறையின் மூத்தவர் எழுதியதையாவது கட்டுரையாளர் படித்திருக்க வேண்டும்.

பலன் இல்லை என்கிறாரே, அதையும் பார்ப்போம். அமெரிக்காவில் 342 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், வலி பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளும் அறிவாற்றல் நடத்தைப் பயிற்சி பெற்றவர்களில் சுமார் 58 சதவீதம் பேருக்கு ஆறு மாத முடிவில் அன்றாடச் செயல்பாடு குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது. வழக்கமான சிகிச்சையில் 44 சதவீதம். மாயாஜாலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருடைய பெல்ட்டுக்கும் டிராக்‌ஷனுக்கும் இந்த அளவு சான்றாவது உண்டா? உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, நாள்பட்ட முதுகுவலிக்கு உடற்பயிற்சி, நோயாளிக்கு விளக்கம், மனநலச் சிகிச்சை ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. வழக்கமாகக் கொடுக்கக் கூடாதவை என்ற பட்டியலில் இருப்பவை பெல்ட், டிராக்‌ஷன், ஓபியாய்டு மாத்திரைகள்.

மணி கோப்பது என்ற ஏளனத்துக்கு வருகிறேன். குடம் தூக்க பயப்படும் அந்தப் பெண்ணுக்கு நாங்கள் செய்வது இது: முதலில் கால் குடம் தண்ணீர், குழாயிலிருந்து வாசல்வரை. வலி வந்ததும் நிறுத்து என்று சொல்வதில்லை; எத்தனை நடை என்பதை முன்கூட்டியே அவளோடு பேசி முடிவு செய்கிறோம். நல்ல நாளில் அதற்கு மேல் கூடாது, மோசமான நாளிலும் அதைக் கைவிடக் கூடாது. வாரம் ஏற ஏறத் தண்ணீரும் ஏறும். அடுப்பு மேடையின் உயரம், துணி துவைக்கும் கல், நின்றே செய்யும் வேலையில் எப்போது உட்காருவது என்று ஒவ்வொன்றும் அலசப்படும். உழைப்பாளிகளுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்பது அடுத்த பிதற்றல். இதே படிப்படி முறை சுவீடனின் யோத்தபோரியில் வால்வோ தொழிலாளர்கள் 103 பேரிடம் சோதிக்கப்பட்டு 1992-இல் முடிவு வந்தது. பயிற்சி பெற்றவர்கள் சீக்கிரமே வேலைக்குத் திரும்பினார்கள். நம் துணிக்கடைப் பெண்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டது. வேலையும் வேலையிடமும் முதுகைப் பாதிக்கும் என்று சட்டமன்றத்துக்குப் புரிந்தது, இந்த மருத்துவருக்குப் புரியவில்லை.

ஸ்கேனும் ஆபரேஷனும் உயிர் காக்கும் இடங்கள் உண்டு. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல், கால் பலமிழத்தல், பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போதல், காய்ச்சலுடன் வலி, காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். இவை எதுவுமில்லாமல் மாதக்கணக்கில் வலியோடு இருப்பவர்கள், அந்தக் கட்டுரையை நம்பிப் படுத்துவிடாதீர்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் பிசியோதெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்றும் கேளுங்கள்.