மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு இயற்பியல் எதற்கு?



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் நம் மஹல்லாக்களில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "மார்க் கம்மி. பி.காம்.ல சேர்த்துடலாம், இல்லேன்னா பாஸ்போர்ட் எடுத்துடலாம்." நம் மதரஸாவில் ஓதிய ஹாஃபிள் மாணவர் ஒருவர் 600க்கு 371 மதிப்பெண்களோடு, தந்தையுடன் நம்மைக் காண வந்தார். அவர் விரும்பியது பி.எஸ்ஸி. இயற்பியல். "ஹஜ்ரத், நீங்களே சொல்லுங்க, இந்த மார்க்குக்கு ஃபிசிக்ஸ் எதுக்கு?" என்று கேட்டார் தந்தை.

குர்ஆனின் 30 ஜுஸ்உகளையும் நெஞ்சில் ஏந்த மூன்றாண்டுகள் பள்ளியைப் பிரிந்திருந்து, பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த பிள்ளை அவர். அவரை மந்தமானவர் என்று கூற எப்படி மனம் வருகிறது? மதிப்பெண் பட்டியலை லவ்ஹுல் மஹ்ஃபூளில் எழுதப்பட்ட விதியாகவே கருதத் தொடங்கிவிட்டோம். விதியின் மீதான நம்பிக்கை இதுவன்று, இது சோம்பல்.

ஜும்ஆ பயான்களில் நாம் இப்னுல் ஹைதமின் ஒளியியலைப் புகழ்கிறோம். 14ஆம் நூற்றாண்டில் திமிஷ்க் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணித்த முவக்கித் இப்னுஷ் ஷாத்திரைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். மிம்பரிலிருந்து இறங்கியதும் அதே துறைக்குச் செல்ல விழையும் பிள்ளையைத் தடுக்கிறோம். ஆண்டுதோறும் பிறை குறித்து இரு தரப்பாகப் பிரிந்து நிற்கும் நம் ஊர்களில், சூரியன் மறையும் வேளையில் பிறை எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று கணக்கிட்டுக் காட்ட எத்தனை பேர் இருக்கிறார்கள்? சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையை யார் கணித்தார் என்றும் நாம் கேட்பதில்லை. (ஆலிம்களாகிய நாமும் இக்குற்றத்திற்கு உட்பட்டவர்களே.)

உண்மை நிலை என்ன? தமிழகத்தின் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலை இயற்பியலுக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. மொழிப்பாடங்கள் நீங்கலாக, நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்களைக் கொண்டே தரவரிசை அமைகிறது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உண்டு. சென்னையின் பெயர்பெற்ற கல்லூரிகளில் இடம் கிடைக்காமல் போகலாம். ஆனால் மாவட்டக் கல்லூரிகள் பலவற்றில் கணித, இயற்பியல் இடங்கள் முழுமையாக நிரம்புவதே இல்லை. நம் பிள்ளைகளுக்குக் கதவு அடைபடுவது பெரும்பாலும் பதினோராம் வகுப்பில்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கண்டு அஞ்சி, கணிதமும் இயற்பியலும் உள்ள பிரிவை நாமே தவிர்க்கச் செய்கிறோம். அப்பாடங்கள் இல்லாதவருக்குப் பிறகு எவ்வளவு மதிப்பெண் இருந்தும் பயனில்லை.

சேர்வது எளிது, தாக்குப்பிடிப்பது எளிதன்று. இதை மறைத்தால் நாம் பிள்ளைகளை ஏமாற்றியவர்களாவோம். பாடத்தில் இயக்கவியல் வரும். வகையிடலும் தொகையிடலும் கைவராதவர் அங்கே தடுமாறுவார், அரியர் சேரும். ஆகவே கல்லூரி திறக்கும் வரையுள்ள வாரங்களில் பிளஸ் டூ கணிதநூலை மீண்டும் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். ஹிஃப்ளு மாணவருக்கு இம்முறை புதிதன்று. அன்றாடம் புதிய பாடம், கூடவே பழைய பாடம், உஸ்தாதிடம் ஒப்புவித்தல். கணக்கையும் அவ்வாறே செய்யட்டும். ஆனால் விடையை மனனம் செய்யாமல் போட்டுப் பார்த்துப் பழக வேண்டும்.

இளநிலைக்குப் பின் ஐ.ஐ.டி.களின் முதுநிலைப் படிப்புகளுக்கு ஜாம் என்னும் தேர்வு உண்டு. அதில் தரவரிசையைத் தீர்மானிப்பது அத்தேர்வில் பெறும் மதிப்பெண்தான். பிளஸ் டூவில் எடுத்த 371 அங்கே கணக்கில் வராது. அவ்வளவு தூரம் செல்லாதவரும் பி.எட். முடித்துப் பள்ளி ஆசிரியராகலாம். நம் சமுதாயப் பள்ளிகளே இயற்பியல் ஆசிரியரைத் தேடி அலைவதை நிர்வாகிகள் அறிவர்.

அந்தத் தந்தை இன்னும் பதில் கூறவில்லை. விண்ணப்பத்தின் கடைசி நாளோ நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஜமாஅத் நிர்வாகிகளே, திருமண மண்டபத்திற்குக் குளிர்சாதனம் பொருத்த நிதி திரட்டுகிறீர்கள். இந்த மாதம் மட்டுமாவது பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒரு கணினியையும், விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த ஓர் இளைஞரையும் அமர்த்துங்கள். மஃரிபுக்குப் பின் ஒரு மணி நேரம் போதும்.